தாய்ப்பத்திரம் எங்கே? பழைய அமெரிக்கக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

என் மாப்பிள்ளை ஓஹையோக்காரர். கல்யாணமான மறுவருஷம் நாங்கள் அங்கே போயிருந்தபோது, தங்கள் முன்னோர் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் என்று சம்பந்தி சாப்பாட்டு மேசையில் சொன்னார். மயிலாடுதுறையில் முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது: "தாய்ப்பத்திரம் இருக்கா?" மகள் அதைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றிக் கேட்டாள். இல்லை, பாட்டி சொல்லக் கேட்டதுதான் என்றார்.

1620-இல் இங்கிலாந்திலிருந்து குடியேற அந்தக் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களின் உண்மையான வாரிசுகள் இன்று ஏராளம்தான். ஆனால் வாரிசு என்று சொல்வது வேறு, காட்டுவது வேறு. காட்டிவிடலாம் என்று சம்பந்தியும் நானும் உட்கார்ந்தோம். பேரனின் பள்ளிக்கூடத்துக்குக் குடும்ப மரம் வரையும் வேலையில் மாட்டிக்கொண்ட தாத்தா பாட்டிகளுக்கு, அந்த அனுபவத்தில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் பிறப்பைப் பதிவு செய்யவில்லை. மாசசூசெட்ஸ் விதிவிலக்கு, 1639-லேயே பிறப்பு, திருமணம், இறப்பை எழுதிவைக்கச் சட்டம் போட்டார்கள். வர்ஜீனியாவில் அரசாங்கப் பதிவு 1853-இல்தான் தொடங்கியது, 1896-இல் நின்றுபோய், 1912-இல் மறுபடி வந்தது. ஆனால் நிலம் கைமாறியதை மட்டும் எல்லா ஊரிலும் ஒழுங்காக எழுதிவைத்தார்கள். யார் யாருக்குப் பிள்ளை என்பதும் அந்தப் பத்திரங்களுக்குள்தான் கிடக்கிறது. மனை வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்த்தவருக்கு இந்த வேலை பாதி தெரிந்த வேலை.

முதல் படி: வீட்டுக்குள் இருப்பது

உயிரோடு இருப்பவரிடமிருந்து பின்னோக்கிப் போங்கள். மேஃப்ளவரிலிருந்து முன்னோக்கி வரக்கூடாது. அப்படி வந்தால் விரும்பிய இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள். பெயர், தேதி, ஊர், அதற்கு ஆதாரம் என்று தலைமுறைக்கு ஒரு தாள் போதும்.

பழைய குடும்பங்களில் பெரிய பைபிள் ஒன்று இருக்கும். நடுவில் சில பக்கங்களில் பிறப்பும் இறப்பும் எழுதியிருப்பார்கள். சம்பந்தி வீட்டு பைபிளில் முதல் பிறப்பு 1794. நான் முன்பக்கத்தைப் புரட்டினேன். அச்சான ஆண்டு 1851. 1794-இலிருந்து பதினொரு பேர் ஒரே மையில், ஒரே கையெழுத்தில். முத்திரைத்தாள் வாங்கிய தேதிக்கு முந்தைய தேதியில் பத்திரம் எழுதினால் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான் இதற்கும்: யாரோ ஒருவர் பின்னால் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். பிறந்த அன்றே எழுதிய சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

இரண்டாம் படி: சென்சஸ் ஏணி

அமெரிக்க சென்சஸ் 1790-இல் தொடங்கி பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஆட்களின் விவரத்தை 72 ஆண்டு கழித்துத்தான் வெளியிடுவார்கள். 1950 கணக்கு 2022 ஏப்ரலில் வெளியானது; அதிலிருந்து இறங்குங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகப் பார்க்கலாம்.

1900-இல் பிறந்த மாதமும் வருஷமும் இருக்கும். தாய்க்கு எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை பிழைத்தது என்பதும் இருக்கும். 1890-ஐத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் நாசமானது போக, தப்பியது சொற்பம். 1880-இல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று இருக்கும். 1850, 1860, 1870-இல் பெயர்கள் உண்டு, உறவு கிடையாது. ஒரே வீட்டில் நாற்பது வயது ஆண், முப்பத்தைந்து வயதுப் பெண், ஐந்து பிள்ளைகள் என்றால் நாம் அப்பா அம்மா என்று எழுதிவிடுவோம். அந்தப் பெண் இரண்டாம் தாரமாகவும் இருக்கலாம், விதவைத் தங்கையாகவும் இருக்கலாம்.

1850-க்கு முந்திப் போனால் சுவரில் முட்டுவீர்கள். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் இந்த வயதுக்குள் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்ற எண்கள். ஆப்ரகாம் லிங்கன் 1809-இல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்த காலத்து சென்சஸில் அவர் பெயர் கிடைக்காது. அப்பா பெயருக்கு நேரே அவர் ஒரு எண்ணிக்கை. வர்ஜீனியாவின் 1790, 1800 கணக்குகளில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. அங்கே 1782 முதல் எழுதிய வரிப் பட்டியல்களைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பையன் ஒருவன் வரி வயதுக்கு வந்ததும் அப்பா பெயருக்கு நேரே எண் கூடும். சில வருஷத்தில் அவன் பெயரே தனி வரியாக வரும். வருஷா வருஷம் அடுக்கிப் பார்த்தால் பிள்ளைகள் வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாம் படி: அன்றைக்கு அது எந்த ஜில்லா?

நான் பிறந்தபோது எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லா. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம். 2020-இல் மயிலாடுதுறையே மாவட்டமாகிவிட்டது. நான் அதே தெருவில்தான் இருந்தேன். அமெரிக்கக் கவுண்டிகளும் இப்படித்தான் பிரிந்துகொண்டே போயின. பழைய புத்தகங்கள் பிரிவதற்கு முந்தைய தலைமையிடத்திலேயே தங்கிவிட்டன.

லிங்கனையே எடுத்துக்கொள்வோம். 1859-இல், ஐம்பது வயதில், தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுத்தார். தாத்தா வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து கெண்டக்கிக்கு வந்தவர், அதற்கு முந்தையவர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து போனவர்கள் என்கிறார். அந்தக் குறிப்பை நம்பி பெர்க்ஸில் கொள்ளுத்தாத்தாவின் அப்பா மொர்தெகாய் லிங்கனின் உயிலைத் தேடினால் கிடைக்காது. அவர் இறந்தது 1736. பெர்க்ஸ் உருவானது 1752. அவர் காலத்தில் அந்த இடம் பிலடெல்பியா கவுண்டி. ராக்கிங்ஹாமும் 1778-இல் அகஸ்டாவிலிருந்து பிரிந்தது. கெண்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி. சிகாகோவின் நியூபெரி நூலகம் வெளியிட்ட கவுண்டி எல்லை வரைபடங்களில், தேதியைச் சொன்னால் அன்றைய எல்லை தெரியும். எந்தப் பெயரைத் தேடுவதற்கு முன்பும் இதைப் பார்ப்பது என் பழக்கம்.

சம்பவம் எங்கே நடந்ததோ அங்கேதான் ஆவணம் இருக்கும். ஆள் எந்த ஊர்க்காரர் என்பது பொருட்டில்லை. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹூ யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்தவர். அவருடைய 1680-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு எங்கே தெரியுமா? சென்னை ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயப் பதிவேட்டில், முதல் திருமணமாக.

நான்காம் படி: பத்திரமும் உயிலும்

இனி நம் ஆட்டம். பெரும்பாலான கவுண்டி கோர்ட்டுகளில் பத்திரப் புத்தகங்கள் உண்டு. எழுதிக்கொடுத்தவர் பெயரில் ஒரு அட்டவணை, எழுதிவாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை. மூலப் பத்திரம் சொந்தக்காரரிடம் போய்விடும். நம் சப்ரிஜிஸ்திரார் ஆபீஸில் ஒன்றாம் புத்தகத்தில் நகல் எழுதுவதுபோல, அங்கே குமாஸ்தா கையால் நகல் எழுதிவைத்தார். ஆகவே புத்தகத்தில் தெரியும் கையெழுத்து முன்னோருடையது என்று புல்லரிக்க வேண்டாம், அது குமாஸ்தாவுடையது. கைநாட்டுக்காரருக்கு மட்டும் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி போட்டு 'அவர் அடையாளம்' என்று எழுதியிருப்பார்.

பத்திரத்தில் எதைப் பார்ப்பது? முதலில், சொத்து எப்படி வந்தது என்ற வாசகம். மொர்தெகாய் தன் உயிலில் நியூஜெர்சியில் இருந்த நிலத்தை மூத்த மகன் ஜானுக்கு எழுதினார். பின்னால் பென்சில்வேனியாவில் குடியிருந்த ஜான், மொர்தெகாயின் மகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு அதே நிலத்தை விற்றார். இந்த ஒரு கிரயத்தில் இரண்டு மாகாணமும் இரண்டு தலைமுறையும் கட்டுப்பட்டுவிட்டன. அந்த ஜான்தான் 1768-இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைப் பக்கம் 600 ஏக்கர் வாங்கியவர், ஜனாதிபதியின் கொள்ளுத்தாத்தா. பிறப்புச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து, காசில்லாமல் கைமாறிய நிலம். 'இயற்கையான அன்பின் காரணமாக' என்றோ, ஒரு டாலருக்கு என்றோ எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தான செட்டில்மெண்ட். வாங்குபவரின் குடும்பப் பெயர் வேறாக இருந்தால் மாப்பிள்ளையாக இருக்கலாம். பிறகு மனைவி. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் மேல் விதவைக்கு ஆயுட்கால உரிமை இருந்ததால், கணவன் விற்கும்போது பல இடங்களில் அவளைத் தனியாக விசாரித்துச் சம்மதம் எழுதினார்கள். சில பெண்களின் பெயர் வாழ்நாளில் ஏட்டில் ஏறியது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரத்தை, மட்டும் தாண்டிப் போகவே கூடாது. வெள்ளை ஓக் மரத்திலிருந்து தொடங்கி, ஓடை வழியாக, இன்னார் நிலத்து மூலை வரை இத்தனை கழி என்று எழுதியிருப்பார்கள். ஒரு கழி பதினாறரை அடி. அதில் வரும் பக்கத்து நிலத்துக்காரர் பெயர்களையும், கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் தனித் தாளில் எழுதுங்கள். பெண் கொடுத்தது, எடுத்தது, சேர்ந்து ஊர் விட்டுக் கிளம்பியது எல்லாம் அந்தப் பத்துப் பெயருக்குள்தான்.

நான் இதில் ஏமாந்த கதையும் உண்டு. சம்பந்தி குடும்பப் பெயரில் ஒரே கவுண்டியில் இரண்டு ஜான்கள். மூன்று மாதம் தப்பான ஜானின் பின்னால் போய், அவர் அப்பா, தாத்தா வரை வரைந்தேன்; சம்பந்தியம்மா அதைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டியும்விட்டார். பிறகு எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒரு ஜான் கையெழுத்துப் போடுகிறார், மனைவி எலிசபெத். இன்னொரு ஜான் எப்போதும் கைநாட்டு, மனைவி சாரா. நம்மவர் கைநாட்டு. சட்டத்தைக் கழற்றும்போது யாரும் பேசவில்லை.

உயிலில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே பங்கு வாங்கிக்கொண்டு போனவரை விட்டுவிடுவார்கள். உயில் இல்லாத சாவில் இன்னும் சிக்கல், அந்தந்தக் காலத்துச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். லிங்கனின் தாத்தா 1786-இல் கெண்டக்கியில் கொல்லப்பட்டார், உயில் இல்லை. வர்ஜீனியாவில் மூத்த மகனுக்கே நிலம் என்ற முறையை ஒழிக்கும் சட்டம் 1785-இல் நிறைவேறியிருந்தாலும், 1787 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது. நிலம் மூத்தவருக்குப் போக, கடைசிப் பையன் தாமஸ் கூலி வேலை செய்து வளர்ந்தார். அவர்தான் லிங்கனின் அப்பா. சில மாத வித்தியாசம்.

ஐந்தாம் படி: கல்யாணத்தைப் பெண் வீட்டில் தேடு

தென் மாகாணங்களில் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை ஒரு ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுப்பார். கூட ஜாமீன் நிற்பவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா, அண்ணன் அல்லது காப்பாளர். லிங்கனின் பெற்றோர் வாழ்ந்தது கெண்டக்கியின் ஹார்டின் கவுண்டியில். கல்யாணப் பதிவு அங்கே இல்லை. முறையான கல்யாணமே நடக்கவில்லை என்றுகூட அரசியல் வாயில் மென்றார்கள். 1806 ஜூன் 12-இல் நடந்த அந்தக் கல்யாணத்தின் தாள்கள் வாஷிங்டன் கவுண்டி கோர்ட்டில் கிடைத்தன, லிங்கன் இறந்து பல வருஷம் கழித்து. கல்யாணம் நடந்தது பெண் இருந்த ஊரில். நமக்குப் புதிதா என்ன?

ஆறாம் படி: சொல்லும் தேதியும் செய்யும் குழப்பம்

சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று பிரித்துச் சொல்லும் நமக்கு ஆங்கில உறவுமுறை வெறுப்பேற்றும். இருநூறு வருஷம் முந்தையது இன்னும் மோசம். மருமகன் என்று இன்று பொருள்படும் 'சன்-இன்-லா' அன்று மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். 'கசின்' என்றால் அண்ணன் மகனும் ஆகலாம். சீனியர், ஜூனியர் என்பது அப்பா மகன்தான் என்றில்லை; ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர், இளையவர். சீனியர் செத்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார்! அம்மா உயிரோடு இருந்தாலும் அப்பா போய்விட்டால் 'ஆர்ஃபன்'. பாலி என்றால் மேரி, பாட்ஸி என்றால் மார்த்தா, சாலி என்றால் சாரா, 'Jno' மாதிரி மூன்றெழுத்தில் சுருக்கி எழுதியிருந்தால் ஜான்.

நியூயார்க் டச்சுக் குடும்பம் என்றால் நம்மவருக்குக் கொஞ்சம் சௌகரியம். அவர்களில் பலர் அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டார்கள். யானின் மகன் யான்சன், அவன் மகனுக்கு வேறு. நம் இனிஷியல் மாதிரி. 1664-இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகு மெல்ல மெல்ல ஒரே குடும்பப் பெயர் நிலைத்தது.

தேதி விஷயம் சுருக்கமாக. 1752 வரை அங்கே வருஷப் பிறப்பு மார்ச் 25. அந்த வருஷம் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 என்று பதினொரு நாளைத் தள்ளினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. ஜனவரி முதல் மார்ச் வரையான தேதிகளை ஏட்டில் இருப்பதுபோலவே எழுதுங்கள், திருத்தாதீர்கள். 1752-க்கு முந்தைய, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஏடுகளில் 'முதல் மாதம்' என்றால் மார்ச்.

ஏழாம் படி: சிப்பாய்களின் பென்ஷன்

அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டவர்களுக்கு 1818, 1832 சட்டங்களிலும், விதவைகளுக்கு 1836 சட்டத்திலும் பென்ஷன் கிடைத்தது. 1800-இல் போர்த்துறை அலுவலகம் எரிந்துபோனதால், கிழவர்கள் கோர்ட்டில் வந்து வாய்மொழியாகச் சொன்னார்கள்: எங்கே பிறந்தேன், யாருக்குக் கீழே போனேன், பிறகு எந்தெந்த ஊர். விதவை கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும். ஏடு இல்லாதவர்கள் பைபிளின் குடும்பப் பக்கத்தைக் கிழித்து மனுவோடு அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. சம்பந்தி வீட்டு பைபிள் 1851-ஆம் வருஷத்தது என்றால் பழையது எங்கே போனது என்ற கேள்வி வருகிறது அல்லவா, விடை இப்படியும் இருக்கலாம்.

எட்டாம் படி: பெயரில்லாதவர்கள்

கறுப்பினக் குடும்பமானால் சுவர் 1870-இல் வரும். அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பெயரோடு வரும் முதல் சென்சஸ் அது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் சொந்தக்காரர் பெயரின் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் மட்டும். விடுதலையான அடிமைகளுக்காக 1865-இல் தொடங்கிய ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் கணக்குப் படிவங்களில் பெற்றோர், உடன்பிறந்தார் பெயரைக் கேட்டு எழுதியிருப்பார்கள். அதை முதலில் பாருங்கள். அதற்கு மேலே போக முக்கியமான வழி, சொந்தக்காரராக இருந்தவரின் உயில், பாகப்பிரிவினை, கடன் அடமானம்.

சம்பந்தியின் முன்னோர் ஒருவரின் சொத்துப் பட்டியலை நானே படித்தேன். கறவை மாடு இரண்டு, கலப்பை ஒன்று, இறகு மெத்தை ஒன்று, பிறகு ஒரு பெண்ணின் பெயர், அவள் கைக்குழந்தையின் பெயர், எதிரே டாலர். அதன்கீழ் இரும்புச் சட்டி. எத்தனையோ சொத்து விவரம் எழுதிய கை இது. அன்று மேலே படிக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். சம்பந்தி மறுநாள் அந்தப் பக்கத்தின் படத்தை எடுத்து, அந்தக் கவுண்டியின் கறுப்பினக் குடும்பங்களைத் தேடுபவர்கள் பார்க்கும்படி போட்டுவைத்தார். உங்களுக்கும் அப்படி ஒரு பக்கம் அகப்பட்டால் அதையே செய்யுங்கள். வர்ஜீனியாவின் 1662 சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலை. அதனால் இந்தத் தேடலில் தாய் வழிதான் நூல்.

அதே வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிஃபி என்பவர், ஆள் கொண்டுவந்ததற்கு நிலம் கேட்ட 1635-ஆம் ஆண்டுப் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. தலைக்கு 50 ஏக்கர் கணக்கு. டோனி நம் கடற்கரைகளில் எதிலிருந்து கப்பல் ஏறினார் என்று அந்தத் தாள் சொல்லாது.

ஒன்பதாம் படி: டிஎன்ஏ, ஓசி மரங்கள்

எச்சில் துப்பி அனுப்பும் சோதனை ஐந்தாறு தலைமுறை வரை உதவும்; அதற்கு மேல் பலவீனம். ஆனால் குறிப்பான கேள்வி இருந்தால் அருமையாக வேலை செய்யும். லிங்கனின் தாய் நான்சி ஹேங்ஸ் யாருடைய மகள் என்று நூறு வருஷத்துக்கு மேல் சண்டை. லிங்கனின் நேர் வாரிசுகளில் கடைசி ஆள் 1985-இல் இறந்துவிட்டார். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஹேங்ஸ் வழிப் பெண்களிடம் ஒப்பிட்டு, நான்சி லூசி ஹேங்ஸின் மகள் என்ற பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் ஆய்வு 2015-இல் வந்தது.

இணையத்தில் பிறர் போட்ட மரங்களை வழிகாட்டும் பலகையாகப் பாருங்கள், ஆதாரமாக எடுக்காதீர்கள். இது இன்றைய வியாதியும் இல்லை. 1942-இல் இறந்த குஸ்தாவ் ஆன்ஜூ என்பவர் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு வம்சாவளியைப் புனைந்தே கொடுத்தார். அந்தத் தாள்கள் இன்றும் மரங்களுக்குள் உலவுகின்றன. லிங்கனிடம் பாடம் கற்கலாம்: நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தன்னை இணைக்க முயன்றதில் ஏனோக், லேவி, மொர்தெகாய், சாலொமோன், ஆபிரகாம் என்ற பெயர்கள் இரு பக்கமும் ஒத்துவருவதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று 1859-இல் எழுதி, அதோடு நிறுத்திக்கொண்டார். இணைப்பு உண்மைதான், 1637-இல் மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊருக்கு வந்த சாமுவேல் லிங்கன் வரை போகிறது என்பது பின்னால் உயில்களையும் பத்திரங்களையும் அடுக்கியவர்கள் காட்டியது.

எங்கள் வேலை 1787 வர்ஜீனியா வரிப் பட்டியலில் நிற்கிறது. மேஃப்ளவர் பேச்சு சாப்பாட்டு மேசையில் இப்போது அவ்வளவாக வருவதில்லை. கைநாட்டு ஜானின் மனைவி சாரா யார் வீட்டுப் பெண் என்பதுதான் இப்போதைய கேள்வி. செக்குபந்தியில் மூன்று முறை வரும் பக்கத்து நிலத்துக்காரர் உயில் எழுதாமல் இறந்தவர். அவர் சொத்தைப் பிரித்தபோது பங்குப் பணம் வாங்கியவர்களின் பட்டியல், அட்டவணை இல்லாத ஒரு கோர்ட் புத்தகத்துக்குள் எங்கோ இருக்க வேண்டும். ஓஹையோவில் சம்பந்தி ஒற்றைப்படைப் பக்கங்களையும், மயிலாடுதுறையில் நான் இரட்டைப்படைப் பக்கங்களையும் புரட்டிக்கொண்டிருக்கிறோம். நேற்று ராத்திரி 212 முடிந்தது.